ஸ்டாப்பரை எதைக் கொண்டு அளப்பது? மெயில்சன் ஆல்வெஸின் சென்னை ஆண்டுகள்

2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதியாட்டத்தில் சென்னையின் எஃப்சி 3-2 என்று பெங்களூரு எஃப்சியை வென்றது. சென்னை அடித்த மூன்று கோல்களில் இரண்டு ஒரு ஸ்டாப்பரின், அதாவது நடுப் பின்கள வீரரின், தலையிலிருந்து வந்தவை. பிரேசில்காரரான மெயில்சன் ஆல்வெஸ் 17-ஆவது நிமிடத்தில் ஒன்றும் 45-ஆவது நிமிடத்தில் ஒன்றும் அடித்தார். இரண்டுமே கிரகரி நெல்சனின் கார்னர்கள். அன்றிலிருந்து தமிழ்நாட்டில் யாரிடம் அவர் பெயரைச் சொன்னாலும் பேச்சு அந்த இரண்டு ஹெட்டரில்தான் போய் நிற்கும். சென்னையிலிருந்து ஈசிஆரில் நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, ஆரோவில்லை ஒட்டிக் கிடக்கும் எங்கள் குயிலாப்பாளையத்திலும் அப்படித்தான்.

அவருடைய நான்கு சென்னைப் பருவங்களை எடைபோட அந்த இரண்டு கோல்கள்தான் இருப்பதிலேயே பலவீனமான சாட்சி என்பது என் கருத்து. அவரைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. அவருடைய பெரிய வேலை வேறு ஒரு ஆட்டத்தில் நடந்தது. அவருடைய குறையும் அந்த இறுதியாட்டத்தில் தெரியாது. இரண்டையும் எடுத்து வைத்தால்தான் தீர்ப்பு சொல்ல முடியும்.

முதலில் அந்த இறுதியாட்டத்தையே பார்ப்போம். 9-ஆவது நிமிடத்தில் பெங்களூருவின் உதாந்தா சிங் வலப்பக்கத்திலிருந்து அனுப்பிய பந்தைச் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் கோலாக்கினார். ஆட்டம் முடியும் தறுவாயில் அதே அணியின் மீக்கு இன்னொன்று அடித்தார். ஆக, அன்றைக்குச் சென்னையின் பின்களம் இரண்டு கோல் வாங்கியது. 2015 டிசம்பர் 20 அன்று கோவா ஃபடோர்டாவில் வென்ற முதல் கோப்பையும் இதே 3-2 கணக்குதான். அங்கே 87-ஆவது நிமிடத்தில் சென்னை 1-2 என்று பின்தங்கியிருந்தது. கோவா கோல்கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணியின் சொந்த கோலும், அடுத்த சில நிமிடங்களுக்குள் ஸ்டீவன் மெண்டோசா அடித்த கோலும்தான் ஆட்டத்தைத் திருப்பின. இரண்டு கோப்பையிலும் கடைசி இரவில் பின்களம் இரண்டிரண்டு கோல் விட்டுக்கொடுத்திருக்கிறது. கோப்பைகளை மட்டும் காட்டி மெயில்சனைச் சிறந்த ஸ்டாப்பர் என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கு இடிக்கும்.

ஸ்டாப்பரை அவர் அடித்த கோலால் நினைவில் வைப்பது சென்னையோடு நிற்கும் பழக்கமும் இல்லை. மெயில்சன் 2015-இல் இங்கே வந்தபோது பயிற்சியாளராக இருந்த மார்கோ மாட்டராஸியே இதற்குப் பெரிய உதாரணம். 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிர்லோவின் கார்னரைத் தலையால் அடித்து இத்தாலியைச் சமநிலைக்குக் கொண்டுவந்த ஸ்டாப்பர் அவர். உலகம் அவரைப் பற்றிப் பேசுவது அந்த ஹெட்டரையும், ஜிடான் அவர் நெஞ்சில் முட்டியதையும்தான். அன்றிரவு மற்ற நேரமெல்லாம் அவர் செய்த காவல் யாருக்கும் நினைவில்லை. தமிழ்நாட்டிலேயே இன்னொன்று உண்டு. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் சென்னை சிட்டி எஃப்சி, மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைப் பிடித்தது. அதிலும் இரண்டு கோல் அடித்தவர் கௌரவ் போரா என்ற பின்கள வீரர்தான். ஒரே ஆண்டு இடைவெளியில் தமிழ்நாட்டுக்கு வந்த இரண்டு தேசியப் பட்டங்களுக்கும் பின்கள வீரர்களே கோல் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் பின்களத்தைக் கவனித்து எழுதப்பட்டது எவ்வளவு என்று தேடினால் கொஞ்சம்தான் தேறும்.

சரி, கோலை ஒதுக்கிவிட்டால் எதை அளவுகோலாகக் கொள்வது? நான் மூன்று கேள்விகளை வைக்கிறேன். அவர் நின்ற பருவங்களில் அணி எவ்வளவு கோல் வாங்கியது? மிகக் கடினமான எதிரணி வந்தபோது பின்களம் தாங்கியதா? பக்கத்தில் நிற்பவர் மாறியபோதும் அவர் அதே ஆளாக இருந்தாரா?

முதல் கேள்விக்கான விடை விசித்திரமானது. 2015 லீக் சுற்றில் சென்னை 14 ஆட்டங்களில் 15 கோல் வாங்கியது. எட்டு அணிகளில் அதுவே மிகக் குறைவு. அந்த ஆண்டின் சிறந்த கோல்கீப்பர் விருதும் சென்னையின் அபூலா எடெலுக்குத்தான் போனது. அடுத்த ஆண்டு 2016-இல் அணி 15 புள்ளிகளோடு 7-ஆம் இடத்துக்குச் சரிந்தது. கடைசி லீக் ஆட்டத்தில் கோவாவிடம் 4-5 என்று தோற்றது. 2017-18-இல் 18 ஆட்டங்களில் 19 கோல், 32 புள்ளி, இரண்டாம் இடம், பிறகு கோப்பை. 2018-19-இல் அதே 18 ஆட்டங்களில் 32 கோல், இரண்டே வெற்றி, 9 புள்ளி, பத்து அணிகளில் கடைசி இடம். அந்தப் பருவத்தில் மெயில்சன்தான் கேப்டன். ஒரு பருவம் கோட்டை, அடுத்த பருவம் ஓட்டை என்று நான்கு பருவமும் மாறி மாறி வந்திருக்கிறது. ஆள் அதே ஆள். வயதையோ உடல் தளர்ச்சியையோ காரணம் சொல்ல முடியாது. வயது ஏறும்போது ஆட்டம் ஒரே திசையில்தான் இறங்கும், இப்படி ஏறி இறங்காது.

இரண்டாம் கேள்வியில் மெயில்சனுக்கு முழு மதிப்பெண் போடலாம். 2017-18-இல் கோவாதான் லீக்கின் அச்சுறுத்தல். லீக் சுற்றில் மட்டும் 42 கோல் அடித்த அணி அது. அவர்களுடைய ஸ்பானிய முன்கள வீரர் ஃபெரான் கோரோமினாஸ் 18 கோலுடன் அந்தப் பருவத்தின் தங்கக் காலணியை வாங்கினார். பருவத்தின் முதல் ஆட்டத்தில், 2017 நவம்பர் 19 அன்று, சென்னை ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்திலேயே கோவா முதல் பாதிக்குள் மூன்று கோல் போட்டு 3-2 என்று வென்றது. நான்கு மாதம் கழித்து அரையிறுதியில் அதே கோவா எதிரே வந்தது. மார்ச் 10 அன்று ஃபடோர்டாவில் 1-1. மார்ச் 13 அன்று சென்னையில் 3-0. 180 நிமிடத்தில், 42 கோல் அடித்த அணிக்கு ஒரே ஒரு கோல்தான் கிடைத்தது.

அந்த 3-0 ஆட்டத்தில் கோல் போட்டவர்கள் ஜெஜே லால்பெக்லுவாவும் தனபால் கணேஷும். அதனால் மறுநாள் பேச்செல்லாம் அவர்களைப் பற்றித்தான். மெயில்சனின் சென்னை வாழ்க்கையில் உச்சம் எது என்று என்னைக் கேட்டால் அந்த இரவைத்தான் சொல்வேன். கோவா பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு, நடுவிலிருந்து குறுக்காக நுழைந்து, பின்கள வீரனை இடத்தைவிட்டு வெளியே இழுத்து ஆடும் அணி. அப்படிப்பட்ட அணிக்கு எதிரே ஸ்டாப்பர் செய்யும் மிகக் கடினமான வேலை, முன்னால் ஓடிப்போய் டேக்கிள் போடும் ஆசையை அடக்கிக்கொண்டு நிற்பதுதான். இரண்டு அடி முன்னால் போனால் முதுகுக்குப் பின்னால் வாசல் திறந்துவிடும். போகாமல் பெட்டிக்குள்ளேயே நின்றால் எதிராளி கடைசியில் பக்கவாட்டுக்குப் போய் உயரப் பந்து போட வேண்டியிருக்கும். உயரப் பந்து மெயில்சனுக்கு வாட்டமானது. நவம்பரில் கற்ற பாடத்தை மார்ச்சில் அந்தப் பின்களம் பயன்படுத்தியது. 2015-லும் இதேபோல ஒரு இரவு உண்டு. மழை வெள்ளத்தால் சென்னையில் ஆட முடியாமல் புனே பாலேவாடியில் நடத்திய அரையிறுதி முதல் சுற்றில், நடப்புச் சாம்பியனான அட்லெடிகோ டி கொல்கத்தாவைக் கோல் போட விடாமல் 3-0 என்று வென்றார்கள். இரண்டு கோப்பைகளுக்கும் வழி திறந்தவை இந்த இரண்டு 3-0 ஆட்டங்கள்தான்.

மூன்றாம் கேள்வியில்தான் சிக்கல் வருகிறது. 2018 இறுதியாட்டப் பதினொருவரைப் பாருங்கள். மெயில்சனுக்குப் பக்கத்தில் போர்ச்சுகலின் என்ரிக் செரினோ, அணியின் கேப்டன். வலப்பக்கம் ஸ்பெயினின் இனிகோ கால்டெரோன். இடப்பக்கம் மிசோரமின் ஜெர்ரி லால்ரின்சுவாலா. அப்போது களத்தில் ஐந்து வெளிநாட்டவர்தான் இறங்கலாம் என்பது விதி. பயிற்சியாளர் ஜான் கிரகரி அந்த ஐந்தில் மூன்று இடத்தைப் பின்களத்துக்கே கொடுத்துவிட்டு, முன்னால் ஒற்றை ஸ்டிரைக்கராக இந்தியரான ஜெஜேவை நிறுத்தினார். மற்ற அணிகள் வெளிநாட்டுக் காசை முன்களத்தில் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில் இது துணிந்த முடிவு. பின்களத்துக்கு முன்னால் வியாசர்பாடித் தனபால் கணேஷும் பிக்ரம்ஜித் சிங்கும் வேலிபோல நின்றார்கள். மெயில்சனிடம் பந்து வந்து சேர்வதற்குள் பாதி ஆபத்தை இவர்களே தீர்த்துவிட்டார்கள்.

அடுத்த பருவத்தில் செரினோ இல்லை. முழங்கால் காயத்தால் தனபால் கணேஷும் இல்லை. மெயில்சன் கேப்டன் ஆனார். பக்கத்தில் இன்னொரு பிரேசிலிய ஸ்டாப்பர் எலி சபியா வந்தார். சாண்டோஸில் ஆடியவர், 2016-இலும் சென்னைக்கு ஆடிப் போனவர். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மெயில்சனும் சபியாவும் சேர்ந்து இருந்த பருவங்கள் இரண்டு, 2016-உம் 2018-19-உம். அணி 7-ஆம் இடத்திலும் கடைசி இடத்திலும் முடித்த பருவங்களும் அவையே. மெயில்சன் மட்டும் இருந்த இரண்டு பருவத்திலும் கோப்பை. சபியா மட்டும் இருந்த 2019-20-இல், லூசியன் கோயனோடு ஜோடி சேர்ந்து, அணி இறுதியாட்டம் வரை போனது. தனித்தனியே நல்ல ஸ்டாப்பர்கள். சேர்ந்தால் இரண்டும் வலத்தை மாடாகப் பூட்டிய வண்டி. ஒருவர் முன்னேறிப் பந்தைச் சந்திக்க, மற்றவர் பின்வாங்கி மூட வேண்டும் என்ற பங்கீடு இருவரும் ஒரே வகை ஆளாக இருக்கும்போது குழம்பிவிடும் என்பதுதான் என் ஊகம்.

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. இரண்டு பருவத்தை வைத்து விதி எழுத முடியாது. 2016-இல் முந்தைய ஆண்டு 13 கோல் அடித்த மெண்டோசா அணியில் இல்லை. 2018-19-இல் அணி மொத்தமே 16 கோல்தான் போட்டது. முன்னால் கோல் விழாதபோது நடுக்களம் பதறி முன்னேறும், பின்னால் வெற்றிடம் விழும், பழி ஸ்டாப்பர் தலையில் வரும். இதெல்லாம் உண்மை. இருந்தாலும் 19 கோலிலிருந்து 32 கோலுக்குப் போனதை முன்களத்தின் வறட்சி மட்டும் விளக்காது. 2020-21-இல் சபியா இருந்த சென்னை 20 ஆட்டங்களில் வெறும் 17 கோல்தான் அடித்தது. மூன்றே வெற்றி, எட்டாம் இடம். ஆனாலும் வாங்கியது 23 கோல்தான். 11 ஆட்டங்கள் சமனில் முடிந்தன. முன்களம் காய்ந்து கிடந்த ஒரு பருவத்திலும் பின்களம் குலையாமல் நிற்க முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. கேப்டனாக இருந்த மெயில்சனின் அணியால் அப்படி நிற்க முடியவில்லை.

சபியாவின் கதையை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். ஓவன் காயில் பயிற்சியாளராக வந்த 2019-20-இல் சென்னை லீக்கின் பின்வரிசையிலிருந்து ஏறி, அரையிறுதியில் கோவாவை இரு சுற்றிலும் சேர்த்து 6-5 என்று வென்று, 2020 மார்ச் 14 அன்று கொரோனாவால் ஆளில்லாத ஃபடோர்டாவில் ஏடிகேயிடம் 1-3 என்று தோற்றது. பிறகு சபியா ஜம்ஷெட்பூருக்குப் போய், காயிலின் கீழ், பீட்டர் ஹார்ட்லியோடு சேர்ந்து, 2021-22-இல் 20 ஆட்டத்தில் 43 புள்ளியோடு லீக் ஷீல்டு வென்றார். சென்னையில் கோயன், பிறகு சிபோவிச், ஜம்ஷெட்பூரில் ஹார்ட்லி என்று ஜோடி மாறிக்கொண்டே இருந்தது. சபியாவின் தரம் பெரிதாக ஏறி இறங்கவில்லை. ஆனால் அவருக்குச் சென்னையில் ஒரு கோப்பைகூட இல்லை. எந்த இறுதியாட்டத்திலும் இரண்டு ஹெட்டர் இல்லை. அதனால் நம் பேச்சிலும் அவர் இல்லை.

மெயில்சன் போன்றவர்களின் தொழில்வாழ்க்கை எப்படி நகர்கிறது என்பதையும் எடையில் சேர்க்க வேண்டும். அந்த ஆண்டுகளில் பிரேசிலில் சிறிய கிளப்புகளுக்கு மாநிலப் போட்டிகள் ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வாக்கில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பல கிளப்புகளுக்கு ஆட்டமே இருக்காது. ஒப்பந்தமும் சில மாதம்தான். அங்கிருந்து வெளிநாட்டுக்குக் கிளம்பும் வீரர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளைப் பார்ப்பதில்லை. ஆசியாவின் லீக்குகளில் பருவத்துக்குப் பருவம் கையெழுத்துப் போட்டுப் பிழைக்கிறார்கள். மூன்று மாதத்தில் முடிந்த தொடக்ககால ஐஎஸ்எல் அந்த வாழ்க்கைக்கு வாகாகப் பொருந்தியது. 2015-இல் கோவாவுக்கு வந்த லூசியோ 2002 உலகக் கோப்பையை வென்ற அணியின் ஸ்டாப்பர். டெல்லிக்கு வந்த ராபர்டோ கார்லோஸும் அதே அணிக்காரர். அவர்களுக்கு இந்தியா அந்திமக் காலத்து நிறுத்தம். மெயில்சனுக்கு இதுவே முழு வேலை. ஒரு பருவ ஒப்பந்தத்தில் வரும் வெளிநாட்டவரை நான்கு பருவம் வைத்துக்கொள்ள எந்த கிளப்பும் தயவு காட்டுவதில்லை. மாட்டராஸி போய் கிரகரி வந்த பிறகும் அவர் இடம் நிலைத்தது. இதைச் சிறிதாக எண்ண முடியாது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதற்கு மெயில்சன் பொறுப்பில்லை, கிளப்புதான் பொறுப்பு. 2015 முதல் 2021 வரை சென்னையின் நடு ஸ்டாப்பர் இடம் அநேகமாக எப்போதும் வெளிநாட்டவர் கையில்தான். மெயில்சன் பக்கத்தில் ஆடி ஜெர்ரி வளர்ந்தார். 2016-இல் லீக்கின் வளரும் வீரர் விருது வாங்கினார். ஆனால் அவர் இடப்பக்க பேக். நடுவில் நிலையாக நின்ற தமிழ் ஸ்டாப்பர் ஒருவரும் அந்த ஆண்டுகளில் அந்தக் கிளப்பிலிருந்து வரவில்லை. நடுக்களத்துக்குத் தனபால் கணேஷ் கிடைத்தார், பின்னாளில் எட்வின் சிட்னி வான்ஸ்பால் வந்தார். ஸ்டாப்பர் இடம் மட்டும் காலி. 2021-22-இலிருந்து களத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் என்று விதி மாறிய பிறகு இந்தக் குறை எல்லா கிளப்பையும் உறுத்தியது.

குயிலாப்பாளையத்தில் சாயங்காலம் செவன்ஸ் ஆடும் பையன்களிடம் இது இன்னும் நேராகத் தெரியும். அவர்களுக்கு ஆட்டம் சொல்லித்தரும் ஒரு தம்பியிடம் போன வருடம் கேட்டேன், யாரை ஸ்டாப்பராக நிறுத்துகிறீர்கள் என்று. "எவனும் நிக்க மாட்டேங்கிறான்ணா. கடைசியா வந்தவனையும் ஓட முடியாதவனையும்தான் பின்னாடி விடறோம்" என்றார். மெயில்சன் வீடியோவைக் காட்டலாமே என்றேன். "காட்டினேன்ணா. அதுல அவரு ரெண்டு கோல் போடறாரு. பாத்துட்டு எல்லாரும் கார்னர்ல ஏறிப் போறானுங்க, எறங்க மாட்டேங்கிறானுங்க" என்று சிரித்தார். கோல் போட்ட காட்சித் துணுக்குதான் எல்லாருடைய போனிலும் இருக்கிறது. மார்ச் 13-இன் அந்தக் காவலை யாரும் வெட்டித் துணுக்காகப் போடவில்லை. கேமரா பந்தைத்தான் தொடரும். பந்து இல்லாத இடத்தில் நின்று வாசலை மூடியவர் திரைக்கு வெளியே இருப்பார்.

இனித் தீர்ப்பு. சென்னையின் எஃப்சி வரலாற்றில் கோப்பைகளோடு மிக நெருக்கமாகப் பிணைந்த வெளிநாட்டுப் பின்கள வீரர் மெயில்சன் ஆல்வெஸ்தான். இரண்டு கோப்பையிலும் அவர் பங்கு நிஜம். அதற்கான சாட்சி இரண்டு ஹெட்டரில் இல்லை, லீக்கிலேயே குறைவாக வாங்கிய 2015-இன் 15 கோலிலும், கோவாவை 180 நிமிடம் ஒரு கோலோடு நிறுத்திய அரையிறுதியிலும் இருக்கிறது. கூடவே, தகுந்த துணை இருந்தால் மட்டுமே அவர் சிறந்தவர் என்பதையும் அதே கணக்கு காட்டுகிறது. அவரையே தூணாக வைத்து மற்றவர்களை அவரைச் சுற்றி அமைத்த 2018-19 அந்தச் சோதனையில் தேறவில்லை. கேப்டன் பட்டையை அவர் கையில் கட்டியது கிளப் செய்த தவறான கணக்கு. ஸ்டாப்பர் என்ற வேலையை மட்டும் வைத்து, எந்த ஜோடியிலும் எந்த அணியிலும் நம்பி நிறுத்தக்கூடிய ஆள் யார் என்று கேட்டால் நான் எலி சபியாவைத்தான் முதலில் சொல்வேன், மெயில்சனை அடுத்து. நாக் அவுட் ஆட்டம் ஒன்றுக்கு, பக்கத்தில் செரினோவையும் முன்னால் தனபால் கணேஷையும் கொடுத்து, ஒரே ஒரு ஸ்டாப்பரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மட்டும் வரிசை மாறும். அங்கே மெயில்சன்தான்.

ரசிகர் பலருக்கு இந்த வரிசை பிடிக்காது. கோப்பை வென்றவரைப் பின்னுக்குத் தள்ளுவதா என்று கேட்பார்கள். கோப்பை பதினொரு பேருடையது. தனியாளின் வேலையை எடைபோடும்போது அவர் செய்த வேலையைத்தான் தராசில் வைக்க வேண்டும். பின்கள ஆட்டத்தைப் பின்கள ஆட்டமாகப் பார்த்துப் பேசும் பழக்கம் நம் பேச்சிலும் எழுத்திலும் வந்தால்தான், செவன்ஸில் பின்னால் நிற்க வேண்டியது ஓட முடியாதவன் என்ற எண்ணம் போகும். அந்த எண்ணம் போகாதவரை சென்னைக்கு வேண்டிய ஸ்டாப்பர் பிரேசிலிலிருந்துதான் வந்துகொண்டிருப்பார்.